சிஓபிடி உள்ள அப்பாவை நாற்காலியை விட்டு எழுப்புவது எப்படி?

நாயுடுபுரம்வாசி:
அப்பாவுக்கு 67 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்). கொடைக்கானலில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். போன குளிருக்குச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து ஜன்னலோர நாற்காலி, டிவி, கட்டில், அவ்வளவுதான். நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் பத்தடி வைத்தால் இரைக்கிறது, உடனே பயந்து உட்கார்ந்துவிடுகிறார். அம்மாவோ 'அவரைப் போட்டுப் படுத்தாதே' என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பிசியோ_தேனி:
நடையை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் உட்கார்ந்தே இருப்பதை உடையுங்கள். கால் சதை இளைத்துவிட்டால் அதே வேலைக்கு மூச்சு இன்னும் அதிகமாக வாங்கும், அதனால் இன்னும் உட்காருவார், இது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை டிவியில் விளம்பரம் வரும்போது நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், முடியாவிட்டால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடச் சொல்லுங்கள். மூச்சு எவ்வளவு இரைக்கிறது என்று 0 (இரைப்பே இல்லை) முதல் 10 (தாங்கவே முடியவில்லை) வரை அவரையே மதிப்பிடச் சொல்லுங்கள். 3, 4 வந்தால் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச முடிந்தால் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம் பாரித்தல் இருந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சை அடக்கிப் பிடிக்கிற பிராணாயாமம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கிளம்பும் முன் இன்ஹேலர் அடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர்க்காரி:
எங்கள் மாமியாருக்கும் இதேதான். மலையில் ஒரு விஷயம்: போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கமாகப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் சுலபமாக இறங்கிப் போய்விட்டு, களைத்த பிறகு ஏறத் தெரியாமல் நடுவில் நிற்கிறார்கள். காலடி தூக்கி வைக்கும்போது மூச்சை விட வேண்டும். விடிகாலைப் பனியில் வேண்டாம், வெயில் வந்தபிறகு மப்ளரால் மூக்கை மூடிக்கொண்டு போகட்டும். வெந்நீருக்கு இன்னும் விறகடுப்புதானா? அந்தப் புகை வீட்டுக்குள் இருக்கும் வரை எவ்வளவு நடந்தும் பாதிப் பலன்தான், இதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

நாயுடுபுரம்வாசி:
விறகடுப்பேதான். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் காலையில் 86 சதவீதம் காட்டுகிறது, அதைப் பார்த்துத்தான் அம்மா பயப்படுகிறார். அப்பா மலைப்பூண்டு உரித்துக் கொடுக்கிறார், அது கணக்கில் சேருமா?

பிசியோ_தேனி:
சேராது, உட்கார்ந்துதானே உரிக்கிறார்! நின்றுகொண்டு உரிக்கட்டும். விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அப்போதும் 86 என்றால் நடையெல்லாம் அப்புறம், இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். கொடை 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு, அதனால் கீழே சமவெளியில் இருக்கும் டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்றால், ஆக்சிமீட்டர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நடையை நிறுத்துவது என்று ஊர் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

ஏரிச்சாலை:
டாக்டர் சரி என்றதும் ஏரிக்கு ஆட்டோவில் கூட்டிவாங்க சகோ. சுற்றுப்பாதை முழுக்க 5 கிலோமீட்டர், அதெல்லாம் யாரும் கேட்கவில்லை, சமதளமான ஒரு துண்டு போதும். சீசனிலும் சனி ஞாயிறிலும் மட்டும் வராதீங்க, வாடகை சைக்கிள் இடிச்சிடும். மடக்கு ஸ்டூல் ஒன்றை நீங்களே தூக்கிக்கோங்க.