‘பட்’ போட்ட பிறகு ‘அட் தி சேம் டைம்’ தேவையா?

கேள்வி

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில்தான். சென்ற வாரம் நான் எழுதிய ஒரு கடிதத்தில் ‘அட் தி சேம் டைம்’ வந்த நான்கு இடங்களையும் மேலாளர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன தவறு என்று விளக்க அவருக்கு நேரமில்லை. அந்த நான்கு வாக்கியங்களையும் அப்படியே தருகிறேன்.

ஒன்று: ‘யார்ன் பிரைசஸ் ஹேவ் ரிசன், அட் தி சேம் டைம் வீ வில் கீப் தி ஓல்ட் ரேட்.’ நூல் விலை ஏறியிருந்தாலும் பழைய விலைக்கே தருகிறோம் என்று சொல்ல நினைத்தேன்.

இரண்டு: ‘வீ இன்ஃபார்ம்ட் தி டையிங் யூனிட், பட் அட் தி சேம் டைம் தே டிட் நாட் டெலிவர்.’ சாயப்பட்டறைக்குத் தகவல் சொல்லியும் துணி வரவில்லை என்பது கருத்து.

மூன்று: ‘வைல் அட் தி சேம் டைம் தி சாம்பிள்ஸ் ஆர் ரெடி.’ இதைத் தனி வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு எழுதியிருந்தேன்.

நான்கு: ‘தி ஃபேப்ரிக் ஈஸ் சாஃப்ட் பட் அட் தி சேம் டைம் ஸ்ட்ராங்.’

‘பட்’ என்பதையும் ‘ஹவெவர்’ என்பதையும் சேர்த்து எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதே விதி இதற்கும் பொருந்துமா? ‘ஆண்ட்’, ‘பட்’, ‘வைல்’ ஆகிய இணைப்புச்சொற்களுக்குப் பின் இந்தத் தொடர் வரலாமா, வந்தால் என்ன பொருள் தருகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

நான் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் உங்கள் நான்காவது வாக்கியத்தைக் காப்பாற்ற விரும்புகிறேன். அதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வட்டத்தை அழித்துவிடலாம். மற்ற மூன்றிலும் தவறு உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு தவறு.

இந்தத் தொடருக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டு செயல்கள் ஒரே வேளையில் நடக்கின்றன என்பது ஒன்று. முன்பு சொன்னதற்கு மாறான இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியும் இப்படி இரண்டாகப் பிரித்தே பொருள் தருகிறது. இந்தத் தொடர் ஒரு வாக்கியத்தின் இறுதியில் வந்தால் பெரும்பாலும் முதல் பொருள்தான்: ‘ஷீ லாஃப்ட் ஆண்ட் கிரைட் அட் தி சேம் டைம்’ என்றால் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இடமில்லை. இணைப்புச்சொல்லை அடுத்து வரும்போதுதான் இரண்டு பொருளுக்கும் கதவு திறக்கிறது. எந்தப் பொருள் என்பதை முன்னால் நிற்கும் அந்த இணைப்புச்சொல்லே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

உங்கள் முதல் வாக்கியத்தின் குறை, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கால்புள்ளியால் ஒட்டியதுதான். தமிழில் ‘நூல் விலை ஏறிவிட்டது, அதே சமயம் நாங்கள் பழைய விலைக்கே தருகிறோம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஏனென்றால் நம் ‘அதே சமயம்’ இணைக்கும் வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. ஆங்கிலத் தொடர் வெறும் வினையடை. அதற்கு இணைக்கும் ஆற்றல் இல்லை. ஃபார், ஆண்ட், நார், பட், ஆர், எட், சோ ஆகிய ஏழில் ஒன்றை முன்னால் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கால்புள்ளி இருக்கும் இடத்தில் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இட வேண்டும். தமிழ்வழியில் படித்த என் மாணவர்களின் விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகத் திருத்திய பிழைகளில் இதுவும் ஒன்று. அது அவர்களுடைய கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் வாக்கிய அமைப்பு கையைப் பிடித்து எழுத வைப்பது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

மூன்றாவதில் ‘வைல்’ என்ற சொல் வந்த உடனேயே அது துணைவாக்கியமாகிவிடுகிறது. முதன்மை வாக்கியம் ஒன்றைச் சார்ந்துதான் அது நிற்க முடியும். முற்றுப்புள்ளி இட்டுத் தனியாக விட்டால் பாதியில் அறுந்த பேச்சாகவே படிப்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது மறுமொழி

நான் மொழிபெயர்ப்பாளர். ஆசிரியர் ஐயா இரண்டாவது வாக்கியத்தைத் தொடவில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அதில் இலக்கணம் சரியாக இருக்க, பொருள் மட்டும் தவறிவிட்டது.

‘பட்’ மட்டும் வரும்போது, முன்பு சொன்னதைப் பின்னால் வருவது தள்ளிவிட்டு முன்னே வருகிறது. ‘பட் அட் தி சேம் டைம்’ என்று எழுதும்போது, முன்பு சொன்னதும் உண்மைதான், இதுவும் உண்மைதான், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஆகிறது. எனவே ஒரே நேரத்தில் நிலைத்திருக்கக்கூடிய இரண்டு தன்மைகளோ மனநிலைகளோ இருபுறமும் இருந்தால்தான் அந்தத் தொடர் பொருந்தும். மென்மையும் உறுதியும் ஒரே துணியில் இருக்க முடியும் என்பதால்தான் உங்கள் நான்காவது வாக்கியம் அழகாக அமைந்தது. தகவல் சொன்னது முன்னால் நடந்தது, துணி வராதது பின்னால் நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இதை வைத்தால், நீங்கள் தகவல் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கணத்திலேயே அவர்கள் அனுப்ப மறுத்தார்கள் என்பது போன்ற குழப்பம் வருகிறது. அங்கே ‘பட்’ மட்டும் போதும்.

இதைச் சோதிக்க அகராதியைத் தேட வேண்டியதில்லை, தமிழே துணை செய்யும். ‘அவனைக் கூப்பிட்டேன், ஆனால் அவன் வரவில்லை’ என்போம். ‘கூப்பிட்டேன், ஆனால் அதே சமயம் அவன் வரவில்லை’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ‘அவர் கண்டிப்பானவர், ஆனால் அதே சமயம் இரக்கமுள்ளவர்’ என்று தாராளமாகச் சொல்வோம். தமிழில் உறுத்தும் இடத்தில் ஆங்கிலத்திலும் உறுத்தும் என்பது, இந்தத் தொடரைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

‘பட் ஹவெவர்’ பற்றிய ஐயத்துக்கும் இதுவே விடை. அந்த இரண்டு சொற்களும் ஒரே வேலையைச் செய்வதால் ஒன்று மிகை. இங்கேயோ ‘பட்’ எதிர்க்கிறது, பின்னால் வரும் தொடர் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது.

மூன்றாவது மறுமொழி

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனாலும் வணிகக் கடிதத்தில் இந்தத் தொடரை இயன்றவரை தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ‘சாஃப்ட் பட் ஸ்ட்ராங்’ என்ற மூன்று சொற்களிலேயே வாடிக்கையாளருக்கு எல்லாம் விளங்கிவிடும். குறிப்பாக ‘வைல்’ என்பதோடு சேரும்போது இது தெளிவான மிகை. ‘சாப்பிட்டுக்கொண்டே அதே நேரத்தில் தொலைக்காட்சி பார்த்தான்’ என்று எழுதினால் ‘கொண்டே’ சொன்னதையே மறுபடியும் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் ‘வைல்’ காலத்தைக் குறித்துவிட்ட பிறகு ‘அட் தி சேம் டைம்’ எதற்கு?

இரண்டாவது மறுமொழி எழுதியவர், மீண்டும்

‘வைல்’ காலத்தை மட்டும் குறிக்கும் இடங்களில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் ‘வைல்’ முரணையும் குறிக்கும். ஒரு நிறுவனம் கூலியைக் குறைத்தது, அதே வேளையில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையை உயர்த்தியது என்ற செய்தியை ‘வைல் அட் தி சேம் டைம்’ என்று இணைத்தால், இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததுதான் அநியாயம் என்ற அழுத்தம் கிடைக்கிறது. அந்த அழுத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தால் அதை மிகை என்று வெட்டுவது எழுதியவருக்குச் செய்யும் தீங்கு.

‘ஆண்ட்’ பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் ஒரு வார்த்தை. ‘திஸ் வில் கட் தி காஸ்ட் ஆண்ட் அட் தி சேம் டைம் ஷார்ட்டன் தி டெலிவரி’ என்பதில் முரண் எதுவும் இல்லை. ஒரே மாற்றத்தால் செலவும் குறைகிறது, சரக்கு சேரும் நாளும் குறைகிறது. எழுவாய் ஒன்றே என்பதால் கால்புள்ளியும் தேவையில்லை. எந்த இணைப்புச்சொல்லாக இருந்தாலும், தொடரைக் கால்புள்ளிகளால் பிரிக்க விரும்பினால் இருபுறமும் இடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். ‘பட்’ என்ற சொல்லுக்குப் பின் மட்டும் ஒன்றை இட்டு நிறுத்துவது சரியல்ல.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வாக்கியத்தில் தொடரை நீக்கிவிட்டு, கால்புள்ளிக்குப் பின் ‘பட்’ சேர்த்தேன். இரண்டாவதிலும் ‘பட்’ மட்டும் வைத்தேன். நான்காவதை மாற்றவில்லை. மூன்றாவதை, ‘தி மெயின் ஆர்டர் ஈஸ் இன் ஸ்டிச்சிங், ஆண்ட் இன் தி சேம் டைம் தி சாம்பிள்ஸ் ஆர் ரெடி’ என்று திருத்தியிருக்கிறேன். சரிதானா?

முதல் மறுமொழி எழுதியவர், மீண்டும்

ஒரே ஒரு சொல்லைத் திருத்துவது மட்டும் மிச்சம். ‘இன் தி சேம் டைம்’ என்றால் அதே அளவு நேரத்துக்குள் என்று பொருள். நீங்கள் நூறு தைக்கும் நேரத்தில் அவர் இருநூறு தைத்தார் என்று ஒப்பிடுவதற்கு அது பயன்படும். நம் ‘நேரத்தில்’ என்பதில் உள்ள ‘இல்’ உருபுதான் உங்களை ‘இன்’ பக்கம் இழுத்திருக்கிறது. உண்மையில் அந்த இடத்தில் தொடரே வேண்டாம்: தையல் நடந்துகொண்டிருக்கிறது, மாதிரிகள் தயாராகிவிட்டன, ‘ஆண்ட்’ மட்டும் வைத்து அனுப்பிவிடுங்கள்.