எந்த லேப்டாப் உழைக்கிறது, எந்த சர்வீஸ் இழுத்தடிக்கிறது? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

திருவொற்றியூரிலிருந்து:

தங்கச்சி கல்லூரியில் சேரப் போகிறாள், லேப்டாப் வாங்க வேண்டும். கடைக்காரரைக் கேட்டால் அவரிடம் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் நல்ல கம்பெனி. யூடியூப்காரர்கள் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அது என்ன கதியில் இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். முதலில் என் கதை.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பியிலிருந்து கேஸ் அடுப்பின் கால் வரை எல்லாம் துரு. வாரண்டி இருக்கும்போதே என் லேப்டாப் ஒருநாள் ஆன் ஆகவில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அடி மூடியைக் கழற்றிய என்ஜினியர் சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் டார்ச் அடித்தார். கடுகு அளவுக்குப் பச்சையாகப் பூத்திருந்தது. "லிக்விட் டேமேஜ் சார், வாரண்டியில வராது" என்றார். நான் ஒரு சொட்டு தண்ணீர்கூடக் கொட்டவில்லை. உள்ளே ஈரம் பட்டால் சிவப்பாகிற சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, அதைக் காட்டுங்கள் என்றேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. "அத மட்டும் வச்சு சொல்ல முடியாது சார்" என்று பேச்சை மாற்றினார். மதர்போர்டு மாற்ற அவர் சொன்ன தொகைக்குப் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம்.

சத்தம் போடவில்லை. ஸ்டிக்கர் வெள்ளையாக இருப்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். எழுத மனமில்லாமல் எழுதினார். அதை போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். அப்புறம்தான் கம்பெனியின் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும்" என்று போர்டை இலவசமாக மாற்றினார்கள். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். வேறு கம்பெனியிலும் இதே பதிலைக் கேட்டவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பெரம்பூரிலிருந்து:

கம்பெனியைப் பார்க்காதீர்கள், மாடல் வரிசையைப் பாருங்கள். எனக்கு ஆபீஸில் கொடுத்தது டெல் லாட்டிடியூட். போர்டு போனபோது என்ஜினியர் புது போர்டோடு வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். காரணம் ஆன்சைட் வாரண்டி. லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் மாதிரி ஆபீஸ் வரிசைகளுக்கு இப்படிப் போட்டு வாங்குவது வழக்கம். வீட்டு உபயோக மாடலில் பல நேரம் நாம்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். காசு கட்டினால் அதற்கும் ஆன்சைட் போட்டுத் தருவார்கள், ஆனால் கடையில் அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். நம் பக்கத்திலிருந்து போய்வருகிற தூரத்துக்கு அந்தக் காசு தாராளமாகத் தகும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

தம்பி, நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வேலை பார்க்கிறவன். கடலோரத்து மிஷின் என்றால் திறந்த உடனே தெரிந்துவிடும். யூஎஸ்பி ஓட்டையின் தகடு பழுப்பேறியிருக்கும், ஸ்க்ரூ தலை திருகினால் மாவாக உதிரும். தினமும் ஓடுகிற லேப்டாப் சூட்டில் உலர்ந்துவிடுகிறது. மாசக்கணக்கில் பையில் போட்டு வைத்ததுதான் உப்புக் காற்றில் சாகிறது. அதனால் தொடாமல் வைக்காதே. ஜன்னல் ஓர மேஜையும் வேண்டாம்.

எங்களிடம் அதிகம் வருவது ஹிஞ்ச், அதாவது மூடிக் கீல் கேஸ். மூடியைத் தாங்கும் பித்தளை நட்டைப் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறந்து திறந்து அந்த நட்டு பிய்த்துக்கொண்டு வரும். விலை குறைந்த மாடல் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கதைதான். கடையில் நடுவில் பிடித்துத் திறந்து பார், மூலையில் பிளாஸ்டிக் நெளிந்தால் வைத்துவிட்டு வா.

ராம் (மெமரி) போர்டோடு பற்றவைத்ததா, தனியாகக் கழற்றலாமா என்று கேள். பற்றவைத்தது போனால் போர்டு வேலை, செலவு எங்கேயோ போய்விடும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அது பேட்டரி உப்புகிறது, அன்றைக்கே நிறுத்திவிடு. தண்ணீர் கொட்டினால் உடனே ஆஃப் செய்து கவிழ்த்து வை, அரிசி மூட்டையில் புதைக்காதே.

பிராண்ட் கேட்டாய் அல்லவா? டெல், எச்பி, லெனோவோ மூன்றுக்கும் எங்கள் தெருவில் கீபோர்டு, பேட்டரி, டிஸ்ப்ளே சுலபமாகக் கிடைக்கிறது. புதுப் பெயர்களுக்குப் பல நேரம் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய பெயர் என்றும் நம்பிவிட முடியாது. சோனி 2014-இல் வயோவை விற்றுவிட்டுப் போனது, தோஷிபா 2020-இல் லேப்டாப் தொழிலையே கைகழுவியது.

வியாசர்பாடியிலிருந்து:

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் லேப்டாப் முழுகிவிட்டது. தவறி விழுந்தாலும் டீ கொட்டினாலும் பார்த்துத் தருகிற கூடுதல் கவர் எடுத்திருந்தேன், தைரியமாகப் போனேன். வெள்ளம் இயற்கைப் பேரிடராம், கவரில் வராதாம். நிபந்தனையில் பொடி எழுத்தில் இருக்கிறது. இதில் வேடிக்கை, அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் (விண்டோஸும், பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்துப் போட்டது) பரணில் கிடந்ததால் தப்பித்தது. செமஸ்டர் முழுக்க அசைன்மென்ட் அடித்தது அதில்தான்.

திருவொற்றியூரிலிருந்து:

நன்றி அண்ணே, அக்கா, எல்லோருக்கும். ஆபீஸ் வரிசையில் ஒன்று, ஆன்சைட் மூன்று வருஷம் என்று பார்க்கிறேன். பேட்டரிக்கும் மூன்று வருஷமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், தனியாகக் கேட்டு எழுதி வாங்கு. இன்னொன்று, வாங்கின அன்றைக்கே கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி முடியும் தேதியைப் பார். டீலரிடம் ஸ்டாக் கிடந்த நாளையும் சில நேரம் கணக்கில் சேர்த்திருப்பார்கள். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். ஜிஎஸ்டி பில் வாங்காமல் வந்துவிடாதே. 1915-இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.