ஜன்னலுக்குக் கீழே ஈரம்: முதலில் மாற்ற வேண்டியது ஜன்னலா, ஆனிங்கா?

கூண்டுவண்டி:
அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் பழைய பயண டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி வீடு) ஒன்றை வாங்கினேன். உடல் நீளம் 18 அடி. உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு. வாங்கிய நாளில் கண்ணில் படாத குறைகளெல்லாம் இப்போது வரிசையில் நின்று வணக்கம் சொல்கின்றன.

கதவுப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்லைடிங் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி. அதற்குக் கீழே உட்சுவர்ப் பலகை உப்பி, நிறம் மாறியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் கை வைத்தால் ஈரம். எதிர்ப்பக்கம் இரண்டு சிறிய ஜன்னல்கள். அவற்றில் ஒழுக்கு இல்லை, ஆனால் பிற்பகலில் அடுப்பு போலக் காய்கின்றன. ஆனிங், அதாவது வெளிச்சுவரிலிருந்து விரியும் துணிப் பந்தல், ஸ்பிரிங் வைத்த பழைய வகை. துணி மடிப்புகளில் வெடித்துவிட்டது.

மூன்று ஜன்னல்களையும் ஆனிங்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். இரட்டை அக்ரிலிக் (தெளிந்த பிளாஸ்டிக் தகடு) ஜன்னல் நல்லதா, கண்ணாடியே போதுமா? ஆனிங் மோட்டார் வைத்ததா, கையால் சுற்றுவதா? ஆனிங் துணி வினைலா (பிளாஸ்டிக் பூசியது), அக்ரிலிக் நூலில் நெய்ததா? சுவர் முழுக்க 16 அடிக்கு ஆனிங் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். இந்த வாரமே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று கை அரிக்கிறது.

திருப்புளி:
அரிக்கிற கையைச் சட்டைப்பைக்குள் வையுங்கள் ஐயா. ஜன்னலுக்குக் கீழே ஈரம் என்றால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று பொருளில்லை. தண்ணீர் எங்கே வெளியே வருகிறதோ அங்கே உள்ளே நுழைவது அரிது.

சில கேள்விகள். வண்டி நிற்கும்போது ஈரமாகிறதா, மழையில் ஓட்டியபோதா? ஈரம் ஜன்னலின் நடுவிலா, ஒரு மூலையிலா? ஜன்னலுக்கு மேலே இருக்கும் பலகையை அழுத்திப் பார்த்தீர்களா? ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில், வெளிப்புறமாகச் சிறிய துளைகள் இருக்கும், அவை திறந்திருக்கின்றனவா? ஆனிங் துணியின் மேல் விளிம்பு ஓர் அலுமினியப் பட்டைக்குள் நுழைந்திருக்குமே, அந்த ரெயில் பட்டை உங்கள் ஜன்னலுக்கு நேர் மேலே ஓடுகிறதா?

காற்றாடி:
ஜன்னல் எப்படியோ போகட்டும், ஆனிங் மட்டும் மோட்டார் வைத்ததாகவே வாங்குங்கள். நள்ளிரவில் திடீரென்று காற்று கிளம்பும்போது படுக்கையிலிருந்தே பொத்தானை அழுத்திச் சுருட்டிவிடுகிற சுகத்துக்கு ஈடே இல்லை. நான் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

திருப்புளி:
உண்மைதான். ஆனால் அந்த மோட்டார் 12 வோல்ட் பேட்டரியை நம்பியிருக்கிறது. பேட்டரி படுத்துவிட்டால் கையால் சுருட்ட வழியுள்ள மாடலா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வழி இருந்தால், அதை ஒரு முறை பகலில் செய்து பழக வேண்டும். காற்று அடிக்கும் இரவில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கையேட்டைப் புரட்டியவன் சொல்கிறேன்.

கூண்டுவண்டி:
பார்த்துவிட்டு வந்தேன். நிற்கும்போதுதான் ஈரம். ஜன்னலின் இடது கீழ் மூலையில் அதிகம். நீங்கள் சொன்னதுபோல ஜன்னலுக்கு மேலே குத்தூசியால் அழுத்தினேன். இடது பக்கத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வயிறு கலங்கிவிட்டது. ரெயில் பட்டை ஜன்னலுக்கு ஒன்றேகால் அடி மேலே ஓடுகிறது. அடிச்சட்டத் துளைகளில் மண்ணும் பூச்சிக்கூடும் அடைத்திருந்தன.

திருப்புளி:
ஜன்னலுக்கு மேலேயே மரம் மென்மையாகிவிட்டது என்றால் ஜன்னல் பெரும்பாலும் நிரபராதி. தண்ணீர் கீழிருந்து இவ்வளவு தூரம் மேலே ஏறி மரத்தை அழுக வைப்பது அரிது. என் சந்தேகம் ரெயில் பட்டை மேல்தான். அதில் சில அங்குலங்களுக்கு ஒன்று வீதம் திருகாணிகள் இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் சுவரில் ஒரு துளை. ஆனிங் காற்றில் ஆடும்போதெல்லாம் அந்தத் திருகாணிகள் இழுபடுகின்றன. அடியில் உள்ள சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து விலகிவிடுகிறது. அந்தத் துளை வழியே நுழைந்த தண்ணீர் மரச்சட்டத்தில் இறங்கி, ஜன்னல் சட்டத்தின் மேல் விழுந்து, பக்கவாட்டில் ஓடி மூலையில் எட்டிப் பார்க்கிறது. பழி ஜன்னலுக்கு.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள். இரண்டு பேர் வேண்டும். உள்ளே பலகையைக் கழற்றிவிட்டு ஒருவர் டார்ச்சுடன் உட்காரட்டும். வெளியே இருப்பவர் குழாயைப் பீய்ச்சாமல், மழை போல மெல்ல வழிய விட வேண்டும். முதலில் ஜன்னலுக்குக் கீழே மட்டும் பத்து நிமிடம். பிறகு ஜன்னலின் அடிச்சட்டம். பிறகு பக்கங்கள், மேல் விளிம்பு. கடைசியாக ரெயில் பட்டை, அதற்கும் மேலே கூரை விளிம்பு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. உயர் அழுத்தக் குழாயை மறந்துவிடுங்கள். அது நல்ல சீலன்டையும் கெடுக்கும்.

ஜன்னல் அடிச்சட்டத் துளைகளைச் சோதனைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். அடைத்திருந்தால் ஸ்லைடிங் சட்டத்தில் தண்ணீர் தேங்கி உட்பக்கமாக வழியும். அது வேறு ஒழுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கூண்டுவண்டி:
நேற்று செய்தோம். உள்ளே என் மகள். ஜன்னலைச் சுற்றி நாற்பது நிமிடம் நனைத்தும் ஒரு சொட்டு இல்லை. எனக்கே பொறுமை போய், குழாயை உதறிவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தது. ரெயில் பட்டைக்கு வந்த மூன்றாவது நிமிடம் உள்ளேயிருந்து சத்தம்: "அப்பா, வருகிறது!" ஜன்னலின் மேல் சட்டத்தில் தண்ணீர் ஓடி, இடது மூலைக்குப் போய் இறங்கியிருக்கிறது.

ஆக, புது ஜன்னல் வாங்கிப் பொருத்தியிருந்தால் அதுவும் ஒழுகியிருக்கும்!

திருப்புளி:
ஒழுகியிருக்கும், நீங்களும் ஜன்னல் செய்தவரைத் திட்டியிருப்பீர்கள்.

இப்போது வேலை. பழைய ஆனிங்கைக் கழற்றுமுன் எச்சரிக்கை: துணி சுற்றும் உருளைக்குள் முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கிறது. அதைப் பூட்டாமல் முனையைக் கழற்றினால் மணிக்கட்டை முறித்துவிடும். பூட்டும் முறை மாடலுக்கு மாடல் வேறு. கையேடு கிடைக்காவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

பட்டையை முழுக்கக் கழற்றி, பழைய சீலன்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அழுகிய மரத்தை வெட்டிவிட்டுப் புது மரம் சேருங்கள். மரம் உலர்ந்த பிறகுதான் மூட வேண்டும். பட்டையின் பின்னால் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி, திருகாணிகளைப் புது மரத்தில் இறக்கி, பிதுங்கி வருவதைச் சீவிவிட்டு, மேல் விளிம்பிலும் பட்டையின் இரு முனைகளிலும் வண்டிக்கென்று உள்ள சீலன்ட் பூசுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காய்ந்த சிலிக்கான் மேல் வேறெதுவும் ஒட்டாது, புது சிலிக்கானும் சரியாக ஒட்டாது. பின்னால் யாராவது பழுது பார்க்கும்போது உங்களைச் சபிப்பார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கூண்டுவண்டி:
சரி. ஆனாலும் எதிர்ப்பக்கம் கொதிக்கிறதே. அங்கே ஜன்னலை மாற்றத்தான் வேண்டும். இங்கேயும் புது ஆனிங் எப்படியும் தேவை. இனி எதைத் தேர்ந்தெடுப்பது?

நிழல்தேடி:
இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனிங்கையும் ஜன்னலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்றன் கை இன்னொன்றின் மூக்கில் இடிக்கும்.

எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சின்ன ஜன்னல் ஆனிங் போடலாம் என்று தோன்றும். அது 2 அடி நீண்டிருந்து, சூரியன் நேர் எதிரே 60 டிகிரி உயரத்தில் இருந்தால் சுவரில் மூன்றரை அடிக்கு நிழல் விழும். 45 டிகிரியில் 2 அடி. 30 டிகிரிக்கு இறங்கினால் ஓர் அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பிற்பகல் வெயில் இந்தக் கடைசி வகை. ஜன்னல் ஆனிங் உங்களை அதிலிருந்து முழுமையாகக் காப்பாற்றாது. மேலும், மேலே கீல் வைத்து வெளியே தூக்கித் திறக்கும் அக்ரிலிக் ஜன்னலைப் போட்டால் அது அந்த ஆனிங்கிலேயே முட்டும். இரண்டில் ஒன்றுதான்.

நான் அக்ரிலிக் ஜன்னல் பக்கம். இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் ஒற்றைக் கண்ணாடியைவிட வெப்பக் கடத்தல் நன்றாகவே குறையும். குளிர்காலத்தில் உட்புறம் வியர்ப்பதும் குறையும். உட்சட்டத்திலேயே வெள்ளிப் பூச்சுள்ள திரையும் கொசுவலையும் சேர்ந்து வரும் வகையைப் பாருங்கள். தூறலிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.

மழைக்காகம்:
அக்ரிலிக்கின் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கீறல் விழும். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தாலே போதும், கோடு கோடாக நிற்கும். கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருந்தால் மெல்லிய வெடிப்புகள் வலைபோலப் படரும். நிறையத் தண்ணீர், மிதமான சோப்பு, மென்மையான துணி, வேறெதுவும் ஆகாது. மரக்கிளை உரசும் இடத்தில் நிறுத்துகிறவர்களுக்குக் கண்ணாடிதான் லாயக்கு. தூக்கித் திறந்த ஜன்னலை மூட மறந்து வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவத்திலேயே தெரியும்; விவரம் கேட்காதீர்கள்.

நிழல்தேடி:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கதவுப் பக்கத்தில் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னலே இருக்கட்டும் என்பேன். ஆனிங்கின் கீழ் ஆட்கள் நடமாடுவார்கள். தூக்கிய ஜன்னல் சரியாக நெற்றி உயரத்தில் நிற்கும். உங்கள் பெரிய ஜன்னல் சோதனையிலும் தேறிவிட்டது. அதை ஏன் பிடுங்க வேண்டும்? இன்னொன்று: அது அவசர வெளியேற்றத்துக்கான ஜன்னலா என்று பாருங்கள். சிவப்புக் கைப்பிடியோ அறிவிப்போ இருக்கும். அப்படியானால் அதற்குப் பதிலாக ஓர் ஆள் நுழைய முடியாத ஜன்னலை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பெரிய ஆனிங்கின் கணக்கு வேறு. 8 அடி நீண்டு, வெளி ஓரம் தரையிலிருந்து ஆறரை அடியில் நின்றால், 30 டிகிரி வெயிலில்கூடச் சுவரின் கீழ் 2 அடிதான் சுடும். 15 டிகிரியில் வெயில் 4.4 அடி வரை ஏறிவிடும். அந்த நேரத்துக்கு முன் ஓரத்திலிருந்து தொங்கவிடும் வலைத்திரை ஒன்று போதும்.

நீளத்தைப் பொறுத்தவரை 16 அடி வேண்டாம். உருளை நீள நீள நடுவில் தொய்யும், காற்றும் அதிகம் பிடிக்கும், ஆனிங்கை இருபுறமும் தாங்கும் கைகள் நிற்க இடம் கிடைக்காது. கைகளின் அடித்தாங்கிகள் திடமான சட்டத்தில் பதிய வேண்டும். கதவு, சாமான் அறை மூடி எதையும் மறைக்கக் கூடாது. அந்த இரண்டு இடங்களை முதலில் சுவரில் குறியுங்கள். ஒரு கையின் நடுவிலிருந்து மறு கையின் நடு வரை உள்ளதுதான் ஆனிங்கின் அளவு. துணி அதைவிடக் குறுகலாக இருக்கும். துணியை அளந்து ஆர்டர் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு.

துணியில் என் கட்சி வினைல். அக்ரிலிக் நெசவு மூச்சு விடும், சீக்கிரம் உலரும், பார்க்கவும் அழகு. ஆனால் நீண்ட மழையில் கசியும், அடியிலிருந்து தொட்டால் அந்த இடத்தில் சொட்டும். வினைலில் அந்தக் கவலை இல்லை. ஈரத்தோடு சுருட்டினால் இரண்டிலும் பூஞ்சை வரும், அதை மறுநாளே விரித்துக் காய வைக்க வேண்டும். மழையில் விரித்திருந்தால் ஒரு பக்கக் கையைத் தாழ்த்தி வையுங்கள். தண்ணீர் நடுவில் குளம் கட்டினால் உருளையே வளைந்துவிடும்.

கூண்டுவண்டி:
சுவரில் டேப் ஒட்டிக் குறித்துப் பார்த்தேன். 12 அடிக்குத்தான் கைகள் சரியாக நிற்கின்றன. நண்பரின் 16 அடி சாமான் அறை மூடியை மறித்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு அக்ரிலிக் ஜன்னல்கள் என்று முடிவு செய்துவிட்டேன். அளவு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திருப்புளி:
வெளிச்சட்டத்தை அளக்காதீர்கள், சுவரில் வெட்டியிருக்கும் துவாரத்தை அளங்கள். அதற்கு ஜன்னலை ஒரு முறை கழற்றித்தான் ஆக வேண்டும். அகலம், உயரம், மூலை வளைவின் ஆரம், சுவரின் தடிமன் நான்கும் தேவை. உள்ளேயிருந்து இறுக்கும் வளையம் குறிப்பிட்ட தடிமனுக்குள்தான் பிடிக்கும். சுவர் மெலிந்திருந்தால் மரப்பட்டை வைத்து நிரப்பலாம். தடித்திருந்தால் வேறு சட்டம் தேட வேண்டும். துவாரத்தைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால், உள்ளே ஓடும் மரக்கால்களையும் மின்கம்பிகளையும் பார்க்காமல் ரம்பத்தை வைக்காதீர்கள்.

கூண்டுவண்டி:
புது மரம் சேர்த்தாயிற்று. ஈரமானியில் பழைய மரக்கால் 19 சதவீதம் காட்டுகிறது. மூடிவிடலாமா?

திருப்புளி:
20 சதவீதம்தான் மரம் அழுகும் அபாயத்தின் எல்லை, அதற்கு இவ்வளவு அருகில் வைத்து மூடாதீர்கள். உள்ளே விசிறியை ஓட விடுங்கள். 15-க்குக் கீழே இறங்கியதும் மீண்டும் குழாய்ச் சோதனை, பிறகுதான் பலகை. இந்த முறை மகளை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளே உட்காருங்கள்.