அன்டுடு 6 லட்சமா, 8 லட்சமா? ஸ்கோரை நம்பி போன் வாங்கலாமா?

வெண்பா07

20,000 ரூபாய்க்குள் ரெண்டு போன் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு அன்டுடுவில் (போனோட வேகத்துக்கு மதிப்பெண் போடுற ஆப்) 8 லட்சத்தைத் தொடுது, இன்னொண்ணு 6 லட்சம்தான். ஆனா ரிவ்யூ போடுறவங்க பலரும் 6 லட்சம் போனைத்தான் "ஸ்மூத்"னு சொல்றாங்க. தினமும் ஒரு மணி நேரம் பிஜிஎம்ஐ கேம், மத்தபடி வாட்ஸ்அப், யுபிஐ, நிறைய போட்டோ வீடியோ. மூணு வருஷமாவது ஓடணும். அந்த 2 லட்சம் வித்தியாசம் கையில் தெரியுமா, தெரியாதா?

சிலிக்கான் சித்தன்

அந்த 2 லட்சம் எந்தக் கணக்கில் வருதுன்னு முதல்ல பாருங்க. அன்டுடு மொத்தம் என்பது சிபியு (பொதுவான கணக்கு வேலை), ஜிபியு (கிராஃபிக்ஸ் வேலை), மெமரி, யுஎக்ஸ் (பயன்படுத்தும்போது தெரியுற வேகம்) என்ற நாலு மதிப்பெண்ணோட கூட்டல். வித்தியாசம் முழுக்க ஜிபியுவில் இருந்தா வாட்ஸ்அப்பிலும் யுபிஐயிலும் துளிகூடத் தெரியாது, கேமில் மட்டும் தெரியலாம். "லாம்"தான், ஏன்னு கீழே சொல்றேன். ரெண்டு ஸ்கோரும் ஒரே அன்டுடு பதிப்பில் எடுத்ததான்னும் பாருங்க. 9-ஆம் பதிப்பு மொத்தத்தையும் 10-ஆம் பதிப்பு மொத்தத்தையும் பக்கத்தில் வச்சா அர்த்தமே இல்லை. யூடியூப் தம்ப்நெயிலில் இந்தக் குழப்பம் ஏராளம்.

இப்போ சூடு. பெஞ்ச்மார்க் (அன்டுடு மாதிரி வேகச் சோதனை) சில நிமிஷத்தில் முடிஞ்சிடும், உங்க கேம் ஒரு மணி நேரம் ஓடும். விசிறி இல்லாத ஒரு போன் தொடர்ந்து வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 4, 5 வாட்தான். பெரிய சிப்கள் உச்சத்தில் அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல இழுக்கும். சிப்போட வேகத்தைக் கூட்டணும்னா வோல்டேஜையும் கூட்டணும், மின்செலவு வோல்டேஜோட வர்க்கத்தில் ஏறும். அதனால கடைசி 10 சதவீத வேகத்துக்கு ஆகுற சூடு 10 சதவீதத்தைவிட ரொம்ப அதிகம். ஸ்கோர் அட்டையில் வர்றது அந்தக் கடைசி 10 சதவீதத்தையும் சேர்த்துத்தான்.

நம்ம ஊருக்குன்னு ஒரு கணக்கும் இருக்கு. போனோட மேற்பரப்பு 44 டிகிரி பக்கம் போனதும் சிஸ்டம் வேகத்தைக் குறைக்கும்னு வச்சுக்குங்க. ஏசி அறையில் 24 டிகிரியில் சோதிச்சா போனுக்கும் காத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம். மே மாசம் மதியம் 38 டிகிரியில் அது வெறும் 6. வெப்பம் வெளியேறும் அளவு ஏறத்தாழ இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, அதாவது மூணில் ஒரு பங்குக்கும் கீழே. ஏசி அறையில் முழு வேகத்தில் ஓடுற சிப் மொட்டைமாடி அறையில் முக்குறதுக்குக் காரணம் இதுதான்.

அதனால 3டிமார்க் ஆப்போட வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்டை (கிராஃபிக்ஸைத் தொடர்ந்து ஓட்டிப் பார்க்குற சோதனை) தேடுங்க. ஒரு நிமிஷச் சுற்று, மொத்தம் 20. மிகக் குறைந்த சுற்றை மிக உயர்ந்த சுற்றால் வகுத்து "ஸ்டெபிலிட்டி"ன்னு சதவீதம் காட்டும். உதாரணத்துக்கு ஒரு போன் 3000-இல் தொடங்கி 1500-க்கு விழுந்தா 50 சதவீதம். இன்னொண்ணு 2200-இல் தொடங்கி 2090-இல் நின்னா 95. பத்தாவது நிமிஷத்துக்கு மேல கேமில் முந்துறது ரெண்டாவதுதான். சதவீதத்தை மட்டும் பார்த்தும் ஏமாறாதீங்க. சாதாரண சிப்புக்கு 99 வர்றது சாதனை இல்லை, சூடாகுற அளவுக்கு அது உழைக்கவே இல்லைன்னு அர்த்தம். கடைசிச் சுற்றோட எண்ணைப் பாருங்க.

கோவை சர்வீஸ் மேஜை

சிப்பைப் பற்றியே பேசிட்டிருக்கீங்க. மூணு வருஷம் ஓடணும்னா ஸ்டோரேஜைப் பாருங்க சார். இஎம்எம்சி 5.1-க்கு (பழைய வகை ஸ்டோரேஜ்) இன்டர்ஃபேஸ் உச்சமே நொடிக்கு 400 எம்பி, அதுவும் ஒரு நேரத்தில் ஒண்ணு படிக்கும் இல்லைன்னா எழுதும். யுஎஃப்எஸ் (புது வகை ஸ்டோரேஜ்) ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். பின்னாடி ஆப் அப்டேட் இறங்கும்போது முன்னாடி கேமரா திறந்தா இஎம்எம்சி போன் நிக்கிறது இதனாலதான்.

ஆண்ட்ரோபெஞ்ச் (ஸ்டோரேஜ் வேகத்தை அளக்குற ஆப்) போட்டா எல்லாரும் சீக்வென்ஷியல் (வரிசையா படிக்கிற, எழுதுற வேகம்) எண்ணைத்தான் பார்ப்பாங்க. ஆப் திறக்கிறதெல்லாம் 4 கேபி அளவில் சிதறிக் கிடக்கிறதைப் படிக்கிற வேலை, அதனால ரேண்டம் ரீட், ரேண்டம் ரைட் ரெண்டையும் பாருங்க. சோதனை போடுறவங்க புது போனில், காலி ஸ்டோரேஜில் போடுறாங்க. 128 ஜிபியில் 120 நிரம்பினதும் அதே சிப், அதே மெமரி திணறும், ஏன்னா எழுதுறதுக்கு முன்னாடி பழைய பிளாக்கை அழிச்சு இடம் பண்ணணும். 15, 20 ஜிபி எப்பவும் காலியா விடுங்க. "எக்ஸ்ட்ரா 8 ஜிபி ரேம்"னு விளம்பரம் பண்றது ஸ்டோரேஜில் ஒதுக்குற இடம்தான். இஎம்எம்சி போனில் அதை அணைச்சு வைக்கிறதே நல்லது.

பழைய ரோம்

சித்தன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்கோரே நேர்மையாக வந்ததா என்பதும் ஒரு கேள்வி. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் எக்ஸினோஸ் (சாம்சங்கின் சொந்த சிப்) வகையில் ஜிபியு சில பெஞ்ச்மார்க் ஆப்களுக்கு மட்டும் 533 மெகாஹெர்ட்ஸ் வரை போனது, மற்ற ஆப்களுக்கு 480-தான். இதற்காக சாம்சங் மீது போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2019-இல் 1.34 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2018-இல் ஹுவாவே பி20 உட்பட நான்கு மாடல்களை 3டிமார்க் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதன் உத்தி மிக எளியது. சிஸ்டம் ஆப்பின் பேக்கேஜ் பெயரைப் பார்க்கும், பெஞ்ச்மார்க் என்றால் சூட்டு வரம்பைத் தளர்த்திவிடும். கண்டுபிடிக்கும் வழியும் அதே அளவு எளியது: அதே பெஞ்ச்மார்க்கை வேறு பெயரில் நிறுவி ஓட்டினால் எண் விழும். 2022-இல் சாம்சங்கின் ஜிஓஎஸ் (கேம் ஓடும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) விவகாரம் இதன் தலைகீழ். பெஞ்ச்மார்க்கைத் தூக்கிவிடவில்லை, கேம்களையும் பல ஆப்களையும் பிடித்து இழுத்தார்கள், பெஞ்ச்மார்க்கை மட்டும் விட்டுவிட்டார்கள். 3டிமார்க்கின் பெயரை ஜென்ஷின் இம்பாக்ட் என்று மாற்றி ஓட்டியபோது ஸ்கோர் பாதிக்கும் கீழே போனது. கீக்பெஞ்ச் (இன்னொரு பெஞ்ச்மார்க்) எஸ்10 முதல் எஸ்22 வரையிலான எஸ் வரிசை மாடல்களைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு குரோம் முதலிய பிரபல ஆப்களை மட்டும் மெதுவாக்கியதற்காக ஒன்பிளஸ் 9 போன்களும் நீக்கப்பட்டன.

ஆனால் "ஸ்கோர் எல்லாமே பொய்" என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனம். கீக்பெஞ்ச் 6-இன் சிங்கிள் கோர் (சிபியுவின் ஒரே ஒரு கோரின் வேகம்) எண் ஆப் திறக்கும் வேகத்துக்கும் வலைப்பக்கம் ஏற்றும் வேகத்துக்கும் ஓரளவு நம்பகமான குறி. எண் இரட்டித்தால் வேகம் இரட்டித்தது என்று பொருள்படும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். 5, 10 சதவீத வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், 40 சதவீதம் இருந்தால் கவனியுங்கள்.

வெண்பா07

அருமை. கடையிலோ நண்பர் போனிலோ நானே சோதிக்கணும்னா எப்படி? அன்டுடு பிளே ஸ்டோரில் தேடினேன், கிடைக்கலையே.

சிலிக்கான் சித்தன்

2020-இல் கூகுள் அதை பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துடுச்சு. நண்பர் போனில் கண்ட தளத்து ஏபிகேயை (ஆப் நிறுவுற ஃபைல்) போட வேண்டாம். வேற வழி சொல்றேன்.

செட்டிங்ஸ், அபவுட் போன், பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுங்க (சில பிராண்டில் ஓஎஸ் வெர்ஷனைத் தட்டணும்). டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் "புரொஃபைல் எச்டபிள்யூயூஐ ரெண்டரிங்" போய் "ஆன் ஸ்கிரீன் ஆஸ் பார்ஸ்" தேர்வு செய்யுங்க. திரையில் நட்டமா குட்டிக் கோடுகள் ஓடும், ஒவ்வொண்ணும் ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு தடவை வரையுற படம்). குறுக்கே போற பச்சைக் கோடு 16 மில்லிசெகண்ட், அதாவது 60 ஹெர்ட்ஸோட கெடு. 120 ஹெர்ட்ஸ் திரைக்குக் கெடு 8.3, அதனால பச்சைக் கோட்டில் பாதி உயரத்தைத் தாண்டினாலே ஃபிரேம் தவறுது. செட்டிங்ஸ் பட்டியலையும் போன்ல ஏற்கெனவே இருக்கிற ஷாப்பிங் ஆப்பையும் வேகமா உருட்டிப் பாருங்க. ரிவ்யூகாரங்க சொல்ற "ஸ்மூத்" இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். ஆனா கேமுக்கு இது வேலை செய்யாது. கேம் தன் திரையைத் தானே வரையுது, இந்தக் கோடு சாதாரண ஆப்களுக்கு மட்டும்தான்.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட விட்டாங்கன்னா சார்ஜர் கழட்டி, பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல இருக்கும்போது, பவர் சேவரும் "பெர்ஃபார்மன்ஸ் மோடு"ம் அணைச்சுட்டு ஓட்டுங்க. சிபியு த்ராட்லிங் (சூட்டால வேகம் குறையுறது) டெஸ்ட்னு ஒரு ஆப் பரவலா போடுறாங்க, தப்பில்லை, ஆனா அது சிபியுவை மட்டும் வதைக்கும். கேமில் சுமை ஜிபியு மேலயும் இருக்கு, அதனால அதோட பச்சை மஞ்சள் கிராஃபைப் பார்த்து கேமைத் தீர்மானிக்காதீங்க.

கோவை சர்வீஸ் மேஜை

ரெண்டு விஷயம், எந்த ஸ்கோரிலும் வராதது. பிஜிஎம்ஐயில் 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 ஃபிரேம்) ஆப்ஷன் போன் மாடல் வாரியாத்தான் திறக்கும். 8 லட்சம் இருந்தாலும் உங்க மாடலுக்கு அனுமதி வரலைன்னா 60-தான். வாங்குறதுக்கு முன்னாடி அதே மாடல் வச்சிருக்கிறவங்க கிராஃபிக்ஸ் மெனுவைப் பாருங்க.

அடுத்தது வீடியோ. ஸ்னாப்டிராகன் 695 சிப், பழைய 720ஜியைவிட ஸ்கோரில் மேல. ஆனா 720ஜி 4கே வீடியோ எடுக்கும், 695-இல் அதைவிடத் தெளிவு குறைஞ்ச 1080பி-யோட சரி, ஏன்னா கேமராப் படத்தைக் கையாளுற பகுதி சிப்பில் தனி, அன்டுடு கூட்டலில் அதுக்கு இடமே இல்லை. நீங்க வீடியோ நிறைய எடுக்கிறவர், ரெண்டு போன்லயும் 4கே ஆப்ஷன் இருக்கான்னு கேமரா செட்டிங்ஸைத் திறந்து பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.