ரத்தம் எடுக்கும்போது "புது ஊசியா?" என்று கேட்டிருக்கிறீர்களா?

போன மாதம் சுகர், கொழுப்பு, தைராய்டு பார்க்க வெறும் வயிற்றோடு ஒரு லேப்புக்குப் போனேன், பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்த கையோடு, அதே கிளவுஸோடு, அந்தத் தம்பி எனக்கு ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டுத் தட்டில் ஏற்கெனவே பொருத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். கிளவுஸில் கட்டைவிரல் பக்கம் கடுகளவு ரத்தக் கறை. "தம்பி, கிளவுஸை மாத்திட்டு என் கண் முன்னாடி புதுசு பிரிங்க" என்றேன். "புதுசுதான் சார், இப்பதான் மாட்டினேன்" என்றார். இருக்கலாம், ஆனால் நான் பார்க்கவில்லையே. வரிசையில் நின்ற ஒரு அம்மா வேறு சலித்துக்கொண்டார். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாற்றினார். ஊசி மூடியைத் திருகும்போது அதில் ஒட்டியிருக்கும் காகிதம் கிழிந்ததைப் பார்த்த பிறகுதான் கையை நீட்டினேன். ஆனால் ரப்பர் பட்டை அதேதான், வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எச்ஐவி அப்படி வருமா?

—

லேப்பில் வேலை பார்க்கிறேன். சார் கேட்டது நியாயம்தான், ஊசியை நோயாளி முன்னால்தான் பிரிக்க வேண்டும். பட்டை வழியாக எச்ஐவி வராது. அந்த ஊசிக்கு இரண்டு முனை, ஒன்று ரத்தக் குழாய்க்கு, இன்னொன்று ட்யூப் மூடிக்கு. ட்யூபில் வெற்றிடம் இருப்பதால் ரத்தம் தானாக இழுபடும், உங்களுக்குள் எதையும் ஏற்றுவதில்லை. உண்மையில் ஆபத்து எங்களுக்குத்தான். ஒருமுறை ஒரு பாட்டி கையை வெடுக்கென்று இழுத்ததில் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினேன், பாட்டியிடம் கேட்டு அவர் ரத்தத்தையும் சோதித்தோம், ஒன்றுமில்லை. எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலே தொற்றுகிற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான், 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியல்ல, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் தாங்கும். கிளவுஸை மாற்றச் சொன்னது அதனால்தான் சரி. அதற்குத் தடுப்பூசி உண்டு, எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறமும் மனசு கேட்கவில்லை என்றால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட் இலவசமாகவே பார்ப்பார்கள்.

—

எங்கள் வீட்டில் மாமியார் 2018இல் சாத்தூர் செய்தி வந்ததிலிருந்து டெஸ்ட் என்றாலே முரண்டு பிடிப்பார். அது கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றியதில் எச்ஐவி வந்தது அத்தை, இங்கே எடுக்கத்தான் போகிறார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. இப்போது வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். அந்தப் பெண் பையைத் திறந்ததும் ஊசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலாவதி தேதியைப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே காத்திருக்கிறாள்.