அப்வா வீட்டுக் கிணறு

தன்லியினிலிருந்து

யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். வயதானவர்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வீடு இருக்கிறது. கீழே செங்கல், மேல்மாடி முழுக்கத் தேக்கு. ஜன்னல்களுக்கு மேலே காற்று வருவதற்காகப் பலகையில் பூவேலை வெட்டியிருக்கிறார்கள். காலை வெயில் ஏறும்போது அந்தப் பூக்கள் அப்படியே தரையில் விழும். சின்ன வயதில் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்போம்.

மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் அந்த வீட்டுக்குக் கச்சா எண்ணெய் பூசுவார்கள். இங்கே பழைய மரவீடுகளுக்கு அதுதான் வழக்கம். கறையான் அண்டாது, மழைநீர் மரத்தில் ஊறாது. பூசிப் பூசி வெளிப்பலகை எல்லாம் கறுத்துவிட்டது. இரண்டு மூன்று நாளைக்குத் தெருவே எண்ணெய் வாசனையாக இருக்கும். அந்த வாசனை வந்ததும் அம்மா வடகம், வற்றலை எல்லாம் அவசரமாகக் காயவைத்து எடுத்து வைப்பார்.

வாசலில் சின்னக் கூரை போட்ட ஒரு பரண், அதன்மேல் மூன்று மண்பானை. மூடி, ஒரு அலுமினியக் குவளை. வழியில் போகிறவர் யாரும் குடிக்கலாம். நாம் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். பர்மியர் வீடுகளில் இது வருஷம் முழுக்க இருக்கும். உள்ளே தென்கிழக்குத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்கும், வீட்டைக் காக்கும் மகாகிரி நாட் என்ற காவல் தெய்வத்துக்கு. அம்மா அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். "நம்ம முனீஸ்வரன் மாதிரிதான்" என்பார்.

வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பர்மியர். தெருவில் எல்லோருக்கும் அவர் அப்வா, அதாவது பாட்டி. என்னை "தமீ" என்று கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம். அம்மா தெருவில் தோசை சுட்டு விற்றார். முதல் இரண்டு தோசை எப்போதும் அப்வாவுக்குத்தான். அவர் வந்து வாங்கும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்.

2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் வந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீடு மூங்கில் தட்டிச் சுவர், ஓலைக்கூரை. நடுராத்திரிக்கு மேல் காற்று ஏறிக்கொண்டே போனது. கூரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனதும் அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோசைக்கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பறந்து வரும் தகரம் தலையில் பட்டால் அவ்வளவுதான் என்ற பயம். அந்த இருட்டில் அப்வாவும் அவர் பேரனும் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்கள். யாராவது தட்டினால் திறப்பது, உள்ளே இழுப்பது, இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ளிச் சாத்துவது. விடிந்தபோது அந்த வீட்டுக்குள் முப்பத்தொரு பேர் இருந்தோம்.

மேல்கூரையில் பாதித் தகரம் போய்விட்டது. ராத்திரி முழுக்க மரம் முனகியது, ஆனால் தூண் ஒன்றுகூட அசையவில்லை. வெளியே வந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பக்கத்து மடத்துப் பொங்கிகள், அதாவது புத்த பிக்குகள், காவித் துணியை வரிந்து கட்டிக்கொண்டு கோடரியோடு வந்து வெட்ட ஆரம்பித்தார்கள். அன்று அவர்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. வாரக்கணக்கில் அப்படியே. தெருவில் கயிறு போட்டு இறைக்கும் கிணறு அப்வா வீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் குழாய் வந்ததும் மூடிவிட்டார்கள். அப்வா ஒரு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். கையில் சாக்பீஸ். கதவின் உள்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு வரிசை, வாளிக்கு ஒரு கோடு. ஒரு வீட்டுக்கு நாலு வாளி, கைக்குழந்தை இருந்தால் ஆறு. யாரிடமும் ஒரு சாட் காசு வாங்கவில்லை. வெளித்தெருவிலிருந்து வந்தவர்களுக்கும் தனியாக ஒரு வரிசை கிழித்தார். தன் வீட்டுக்கும் நாலு கோடுதான். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் அங்கே இருபத்துமூன்று நாள் இருந்தோம். அம்மா பெரிய அண்டாவில் பருப்புக் கஞ்சி வைப்பார், பர்மியக் குடும்பங்கள் அதில் பொரித்த நெத்திலியைப் போட்டுக்கொள்வார்கள். ஆணி விலை கேட்கவே முடியாது. அதனால் நாங்கள் பிள்ளைகள் இடிபாடுகளில் வளைந்த ஆணிகளைப் பொறுக்கி வருவோம், அப்பா ஒரு கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக நிமிர்த்துவார். அந்த ஆணிகளால் முதலில் அப்வா வீட்டுத் தகரத்தை அடித்தார், அப்புறம்தான் எங்கள் வீடு. ஐராவதி டெல்டாவில் லபுட்டா, போகலே பக்கம் எல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். எங்களுக்கு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

2021 ஜூலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கொரோனா அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடியது இங்கே எல்லோருக்கும் தெரியும். மருந்து வேண்டும் என்றால் வாசலில் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டும் என்றால் வெள்ளைத் துணி கட்டினார்கள். அப்பாவுக்கு மூச்சு இறைத்தது. வீட்டில் மஞ்சள் துணி ஏது? அம்மா கோயில் நேர்த்திக்காக மஞ்சளில் நனைத்து வைத்திருந்த துணியை எடுத்துக் கட்டினார். கட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அப்வாவின் பேரன் வந்து நின்றான். வீட்டிலிருந்த காலி சிலிண்டரைச் சைக்கார் என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, ராத்திரி ஊரடங்கு முடிந்ததும் கிளம்பிப் போய், சாயங்காலம் வரை வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனான். அப்பா பிழைத்துக்கொண்டார்.

உங்களுக்கும் இப்படி ஒரு வீடு இருந்தால் எழுதுங்கள்.

மாந்தலேயிலிருந்து

அக்கா, படித்ததும் எங்கள் எதிர்வீடு ஞாபகம் வந்தது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை பகல் 12.50க்கு நிலநடுக்கம். 7.7. நான் கடையில் இருந்தேன், மனைவியும் குழந்தையும் வாடகை வீட்டில். ஓடிவந்து பார்த்தால் எங்கள் செங்கல் வீட்டின் பக்கச்சுவர் தெருவில் கிடக்கிறது. எதிர்வீடு மரவீடு. தூண்கள் கல் மேல் நிற்கும், மண்ணில் புதைத்திருக்காது. கல்லிலிருந்து ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். மனைவியும் குழந்தையும் அந்த வீட்டு முற்றத்தில் மாமரத்தடியில் இருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர்தான் உள்ளே நுழைந்து இழுத்து வந்திருக்கிறார். செங்கல் விழுந்த கையைக் கைலியில் சுற்றிக்கொண்டு, குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அவர் கையை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

நாற்பது டிகிரி வெயில். ராத்திரி யாரும் கூரைக்குக் கீழே படுக்கவில்லை, அவர்களும் படுக்கவில்லை. வீட்டிலிருந்த பாய், கொசுவலை எல்லாவற்றையும் ரோட்டில் கொண்டுவந்து விரித்துவிட்டார்கள். அந்தத் திஞ்சானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, எங்கள் தெருவில் தண்ணீர் தெளிக்க யாருக்கும் மனமில்லை. சத்துதித்தா மட்டும் நடந்தது, நாலு திசையிலிருந்து யார் வந்தாலும் சோறு. என் மனைவி சாம்பார் வைத்தாள்.

மோல்மீனிலிருந்து

என் தாத்தா காலத்துக் கதை, பாட்டி சொன்னது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கப்பலேறிவிட்டார்கள். தாத்தாவும் கிளம்புவதாக இருந்து, பாட்டியின் பித்தளைப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு மோன் இனத்து அம்மாவிடம் கொடுத்தார். விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். கடைசியில் என்ன காரணத்தாலோ தாத்தா போகவில்லை. மறுவாரம் அந்த அம்மா அத்தனையையும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கரண்டி குறையவில்லை. அந்த அண்டாவில்தான் இன்றும் எங்கள் வீட்டுப் பொங்கல்.

அந்தத் தன்லியின் வீடு இப்போதும் இருக்கிறதா?

தன்லியினிலிருந்து

இருக்கிறது. அப்வா 2023இல் காலமானார். அடுக்குமாடி கட்டுகிறோம் என்று ஆட்கள் வந்து வந்து கேட்கிறார்கள், பேரன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. கிணற்றுக்குப் புதுக் கப்பி போட்டிருக்கிறோம். பானை மூன்றையும் காலையில் நான் நிரப்புகிறேன், தோசைக்கடைக்குப் போகும் வழிதானே. இந்த வருஷம் எண்ணெய் பூச ஆள் கிடைக்கவில்லை. பேரனும் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பூசினோம், நாலு நாள் ஆனது. கதவின் உள்பக்கத்துக்கு மட்டும் பூசவில்லை. அப்வா இருந்தபோதும் அதைப் பூசவிட்டதில்லை.