நாய்க் கண்காட்சி நடுவர்களின் மதிப்பீடு குறித்து விளக்கம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். என் ஆண் லாப்ரடாரை முதன்முறையாகக் கண்காட்சிக்கு ஆயத்தப்படுத்துகிறேன். நடுவர்கள் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒவ்வொன்றையும் அதன் இனத்துக்குரிய தர வரையறையோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும், பற்களின் கடிப்பு, தோள்பட்டைச் சாய்வு, ரோமம் ஆகியவற்றைக் கையால் தொட்டு ஆராய்ந்தபின் நாயை ஓடவிட்டு நடையைக் கவனிக்கிறார்கள் என்பதையும் அறிவேன்.

உயரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆண் லாப்ரடாருக்கு எஃப்.சி.ஐ. (பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு) வரையறை 56 முதல் 57 செ.மீ. வரை என்கிறது, அமெரிக்காவின் நாயினப் பதிவு அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 22.5 முதல் 24.5 அங்குலம் வரை ஏற்று, அந்த எல்லையிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் விலகினால் தகுதிநீக்கம் செய்கிறது.

குழப்பம் நடையில்தான். நிற்கும்போது குறையற்றுத் தோன்றி, ஓடும்போது முழங்கை வெளிப்புறம் விலகும் நாயையும், தலையமைப்பு சற்றே மெலிந்திருந்தும் சீராக ஓடும் நாயையும் பார்க்கும் நடுவர் எதற்கு முன்னுரிமை தருவார்? ஒரு குறை எவ்வளவு பெரியது, உடல்நலத்தையும் இனத்தின் மரபுவழிப் பணித்திறனையும் எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதைக் கொண்டே அதை எடைபோட வேண்டும் என்கிறது எஃப்.சி.ஐ. வரையறை. அது மிக நியாயமான அணுகுமுறை என்றே கருதுகிறேன். ஆனால், சில நிமிடங்களே கிடைக்கும் போட்டி வளையத்தில் அதை எவ்வாறு கடைப்பிடிக்கிறார்கள்? நடுவராகவோ, வளையத்தில் நாயை நடத்திக் காட்டும் கையாளுநராகவோ அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.